கப்பல் ஜெட்டிக்கு எண்ணெய்க் கசிவுத் திட்டம் போடப் போகிறீர்களா? நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம்

ஒரு நாள் சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு, “நம்ம ஜெட்டிக்கு ஆயில் ஸ்பில் பிளான் ஒண்ணு போட்டு, கோஸ்ட் கார்டுல அப்ரூவல் வாங்கிடுங்க” என்றார். சோழமண்டலக் கரையில் சின்னதாக ஒரு தனியார் எண்ணெய் ஜெட்டி, அதாவது எண்ணெய்க் கப்பல் அணையும் மேடை. பாதுகாப்புப் பிரிவில் நான் ஒருவன், உதவிக்கு ஒரு தம்பி. ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தலையாட்டினேன். பதினான்கு மாதம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் என் வரிசை தவறாக இருந்ததால் போன காலம். திட்டத்தை முதலில் எழுதி, அதற்குப் பிறகு பக்கத்து நிறுவனங்களையும் அரசுத் துறைகளையும் தேடிப் போனேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

கீழே இருப்பது இந்தியக் கரைக்கான வரிசை. இலங்கையில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும்தான் வாசல். அலுவலகப் பெயர்கள் மாறும், மற்றபடி படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. உங்கள் பங்கு எதுவரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நாட்டுக்கு ஒரு தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் இருக்கிறது. அதை நடத்துவது இந்தியக் கடலோரக் காவல் படை (கோஸ்ட் கார்டு). 2015 பதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிற்சேர்க்கைகளையும் விடாதீர்கள், கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.

கசிவை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். முதல் அடுக்கு 700 டன் வரை. அது துறைமுகத்தின், எண்ணெய் கையாளும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் மற்ற நிறுவனங்களின் கருவிகளும் கடலோரக் காவல் படையின் கப்பல்களும் சேரும். அதையும் மீறினால் வெளிநாட்டு உதவி.

இங்கேதான் முதல் பொறி. 700 டன் என்றதும், “நம்மிடம் அவ்வளவு எங்கே கொட்டப் போகிறது” என்று தோன்றும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கொட்டிய எண்ணெய் சுமார் 196 டன் என்று பிறகு கணக்கிட்டார்கள். முதல் நாட்களில் வெளியே சொன்னது அதில் சிறு பங்குதான். 196 டன் என்பது ஏட்டளவில் முதல் அடுக்குதான். ஆனால் பாறை இடுக்குகளிலிருந்து அதை வாளியால் அள்ள நூற்றுக்கணக்கான பேர் நாள்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் இருந்தது 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும். அதுவும் 700க்குள்தான். ஆகவே அடுக்கு எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

உங்கள் ஜெட்டி பெருந்துறைமுக எல்லைக்குள் இருந்தால் அந்தத் துறைமுக ஆணையத்தின் திட்டத்தோடு உங்களுடையது இணைய வேண்டும். சிறு துறைமுகம் என்றால் தமிழ்நாடு கடல்சார் வாரியம். இரண்டில் எது என்று வரைபடத்தை வைத்து எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் எல்லைக்கோடு நங்கூரப் பகுதியை இரண்டாக வெட்டிப் போகிறது என்று எனக்கு நான்காம் மாதம்தான் தெரிந்தது.

2. பக்கத்துக்காரர்களோடு உதவி ஒப்பந்தம்: இதை முதல் வாரமே தொடங்குங்கள்

எண்ணெய்க் கசிவுக்கான 1990ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு. கருவி இருப்பு, ஒத்திகை, தகவல் தொடர்பு எல்லாவற்றையும் எண்ணெய், கப்பல் நிறுவனங்களோடும் துறைமுகங்களோடும் சேர்ந்து அரசு அமைக்க வேண்டும் என்பது அதன் ஆறாம் பிரிவு. உலக அளவில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான இபீகாவும் 1996 முதல் இதையே கூட்டாகச் செய்கின்றன. மேற்கு, நடு ஆப்பிரிக்கக் கரைக்கு 2006இலும், தென்கிழக்கு ஆசியாவுக்கு 2013இலும் தனித் திட்டங்கள் தொடங்கினார்கள். நம் கரையில் உங்கள் கைக்கு எட்டுவது பக்கத்து ஜெட்டிக்காரரோடு போடும் பரஸ்பர உதவி ஒப்பந்தம்.

வாயால் எல்லோரும் “கண்டிப்பா தர்றோம் சார்” என்பார்கள். தாளில் கையெழுத்து என்றதும் சட்டப் பிரிவுக்குப் போகும். அங்கே மாதக்கணக்கில் தூங்கும். ஒரு நிறுவனத்தில் எங்கள் வரைவு ஐந்து மாதம் கிடந்தது, காரணம் ஒரே ஒரு வரி: உதவிக்கு வரும் பணியாளருக்குக் காயம்பட்டால் யார் பொறுப்பு? அந்த வரியை முதலிலேயே எழுதியிருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டியவை:

யார் கூப்பிட்டால் கருவி வெளியே வரும். பதவியை எழுதுங்கள், ஆளின் பெயரை எழுதாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பதவியில் இருப்பவர் கிடங்குச் சாவியைத் தரச் சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும்.

நாள் வாடகை. கருவி வாரியாக, ஆபரேட்டருடன், ஆபரேட்டர் இல்லாமல் என்று இரண்டு விலை. பின்னால் கப்பலின் காப்பீட்டுக் கழகத்திடம் செலவைக் கேட்கும்போது, கசிவுக்கு முன்பே ஒத்துக்கொண்ட விலை என்பது மிகப் பெரிய பலம். கசிவுக்குப் பின் போட்ட விலையைக் கழகத்தின் சர்வேயர் குடைந்து எடுப்பார்.

கருவி பழுதானால், தார் போல் எண்ணெய் பிடித்துத் திரும்பினால், கழுவும் செலவு யாருடையது. பூமை (எண்ணெய் பரவாமல் தடுக்க நீரில் மிதக்கவிடும் தடுப்பு) கழுவுவது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள், கழுவிய நீரும் கழிவுதான்.

கடைசியாக, யாரும் சொல்லித் தராத ஒன்று: இணைப்பு முனை. பூமின் ஒரு துண்டை அடுத்த துண்டோடு கோக்கும் உலோக முனையில் பல வகை உண்டு. எங்களுடையது ஒரு வகை, பக்கத்து ஜெட்டியுடையது வேறு வகை. ஒத்திகையில் இரண்டு தரப்பும் ஆளுக்கு 200 மீட்டர் பூமைக் கடலில் இறக்கிவிட்டு, இரண்டையும் கோக்க முடியாமல் நைலான் கயிற்றால் கட்டிய காட்சியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மாற்று இணைப்பான் என்று ஒரு சின்னத் துண்டு கிடைக்கும். ஒப்பந்தம் போடும் ஒவ்வொருவரின் முனையையும் புகைப்படம் எடுத்து, தேவையான இணைப்பானை வாங்கி பூம் கன்டெய்னருக்குள்ளேயே தொங்கவிடுங்கள். நீர்மேல் மிதக்கும் எண்ணெயை எடுக்கும் கருவியான ஸ்கிம்மரின் ஹைட்ராலிக் குழாய்க்கும் உறிஞ்சு குழாய்க்கும் இதே சோதனை.

3. இடர் ஆய்வும் கணினிக் கணிப்பும்

கொட்டிய எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க ஆலோசகர் வேண்டும், நாமே செய்ய முடியாது. செலவில் பெரிய தலைப்பு இதுதான். கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டியது: ஆழ அளவீட்டுத் தரவு, நீரோட்டத் தரவு விலைக்குள் உண்டா? டேராடூன் நீர்ப்பரப்பியல் அலுவலகத்தின் கடல் வரைபடம் யார் வாங்குவது? கடலோரக் காவல் படை கேள்வி கேட்டால் திருத்தித் தருவது எத்தனை முறை இலவசம்? 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மேலே வரும் என்பதை மறந்து பட்ஜெட் போட்டு நான் கணக்குப் பிரிவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வந்த அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். எனக்கு வந்த முதல் வரைவில் குஜராத்தின் கட்ச் வளைகுடாவின் பவளப் பாறைகள் இருந்தன! வேறு யாருக்கோ எழுதியதை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

கணிப்பைச் சரிபார்க்க ஒரு கைக்கணக்கு போதும். எண்ணெய்ப் படலம் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டு வேகத்தில் நகரும், அதோடு நீரோட்டம் முழுதாகச் சேரும். 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று என்றால் 0.6 நாட். பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு கடல் மைல், அதாவது 13 கிலோமீட்டர். உங்கள் அறிக்கை இதற்குப் பல மடங்கு விலகினால் ஆலோசகரிடம் காரணம் கேளுங்கள்.

பருவம் பிரித்துக் கேளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். பிப்ரவரிக்குப் பின் வடக்கே திரும்பும். 2017இல் எண்ணூர் எண்ணெய் மெரினாவைத் தாண்டித் தெற்கே வந்தது நினைவிருக்கலாம். ஆண்டு முழுவதற்கும் ஒரே அம்புக்குறி போட்ட வரைபடத்தை ஏற்காதீர்கள். உண்மையான கசிவு நடந்தால் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் படலம் போகும் திசையைக் கணித்துத் தரும். அதற்கு என்ன விவரம் கொடுக்க வேண்டும் (இடம், நேரம், எண்ணெய் வகை, அளவு) என்பதை ஒரு பக்கமாகத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

4. மீனவ ஊர்களுக்குப் போங்கள்

அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, அது அச்சாகும் முன்பே போங்கள். நீரோட்டத்தை அவர்கள் ‘வெள்ளம்’ என்பார்கள். எந்த மாதத்தில் வெள்ளம் எங்கே திரும்பும், முகத்துவாரம் எப்போது மண் மூடும், எந்த மடுவில் இறால் குஞ்சு நிற்கும் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. எங்கள் கணிப்பில் முகத்துவாரம் திறந்தே இருந்தது. “தம்பி, சித்திரையில அது அடைச்சில்ல கிடக்கும்” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். நேரில் போய்ப் பார்த்தோம், அடைத்துத்தான் கிடந்தது.

2017இலும், மிக்ஜாம் புயலுக்குப் பின் 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், முதலில் தண்ணீரில் இறங்கியவர்கள் மீனவர்கள். கருவியும் கையுறையும் பல இடங்களில் பிறகுதான் வந்தன. எனவே படகு வாடகை, ஆள் கூலி, டீசல், காப்பீடு, கையுறை, பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அடங்கிய ஒரு தாளை மீன்வளத் துறை உதவி இயக்குநர் முன்னிலையில் கூட்டுறவுச் சங்கத்தோடு எழுதி வையுங்கள். படகுப் பதிவு எண்களும் அதில் இருக்கட்டும். எச்சரிக்கை: “இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூலி ஒப்பந்தம் வேறு, இழப்பீட்டு உரிமை வேறு என்று தாளிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் சட்டப் பிரிவு அதற்கு முனகியது. நான் விடவில்லை.

5. கருவிகள்

பட்டியலைக் கருவி விற்பவரிடம் கேட்டு எழுதாதீர்கள். அவர் கிடங்கில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுவே பட்டியலாகும்.

பூம் என்பது சுவர் கிடையாது. நீரோட்டம் அதன் மேல் நேராக 0.7 நாட்டுக்கு மேல் மோதினால் எண்ணெய் அடியில் புகுந்து போய்விடும். கழிமுகத்தில் ஏற்றவற்றத்தின்போது இதைவிட வேகமாகவே ஓடும். அதனால் குறுக்கே கட்டாமல் சாய்வாகக் கட்டி, எண்ணெயைக் கரையின் ஓர் ஓரத்துக்கு ஒதுக்கி அங்கே ஸ்கிம்மரை வைக்க வேண்டும். நங்கூரப் புள்ளிகளை முன்கூட்டியே நட்டு வையுங்கள், செலவு அதிகமில்லை.

ஸ்கிம்மர் வாங்கிவிட்டுத் தொட்டியை மறப்பது அடுத்த பொறி. கனமான எண்ணெய் அலையில் கடைந்து நீரை இழுத்துக்கொண்டு மூன்று நான்கு மடங்கு பருக்கும். 50 டன் எண்ணெய் 200 டன் கூழாக வந்து நிற்கும். தொட்டி நிறைந்தால் ஸ்கிம்மர் வெறும் அலங்காரப் பொருள்.

எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தைப் பற்றி ஒரே சொல்: கடலோரக் காவல் படை அனுமதிக்காமல் ஒரு சொட்டும் தெளிக்கக் கூடாது. கழிமுகத்திலும் ஆழமற்ற நீரிலும் நினைக்கவே வேண்டாம். பீப்பாயின் காலாவதித் தேதியைக் கோப்பில் குறித்து வையுங்கள், ஆய்வுக்கு வருபவர் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

6. கழிவு எங்கே போகும்?

என் வரைவு முதல் முறை திரும்பியதற்குக் காரணம் இந்த அத்தியாயம். “உரிய முறையில் அகற்றப்படும்” என்று ஒரு வரியோடு நிறுத்தியிருந்தேன். கரையில் அள்ளும் மணலும் வைக்கோலும் குப்பையும் சேர்ந்தால் கழிவு, கொட்டிய எண்ணெயைப் போல முப்பது மடங்கு வரை போவதுண்டு.

2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், விண்ணப்பம் படிவம் 1. சேமிப்புக்குப் பொதுவான கெடு 90 நாள். லாரி கிளம்பும்போது கழிவோடு போகும் சீட்டான படிவம் 10. வடதமிழ்நாட்டில் என்றால் கும்மிடிப்பூண்டி கழிவு மையத்தோடு முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம். தற்காலிகமாகக் கொட்டி வைக்கத் தார்ப்பாய் விரித்த இடம் ஒன்றைக் கலெக்டர் அலுவலகம் வழியாக வருவாய்த் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். சர்வே எண்ணோடு கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்துக்கு மட்டும் எனக்கு ஏழு வாரம் பிடித்தது, ஆகவே இரண்டாம் மாதமே மனு போட்டுவிடுங்கள்.

7. இப்போது எழுதுங்கள்

ஒப்பந்தங்கள் கையில் வந்தபின் திட்டம் எழுதுவது மூன்று வார வேலை. இணைக்க வேண்டியவை: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் (அதன் நிபந்தனைகளில் இந்தத் திட்டம் பற்றி இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும்), கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை, பெட்ரோலியச் சேமிப்பு உரிமம், இடர் ஆய்வு அறிக்கை, உணர்திறன் வரைபடம் (எண்ணெய் பட்டால் எளிதில் கெடும் இடங்களைக் காட்டுவது), கருவி இருப்புப் பட்டியல், பயிற்சிச் சான்றிதழ்கள், எல்லா ஒப்பந்தங்களின் நகல்.

நானூறு பக்கம் எழுதிப் பெருமைப்படாதீர்கள். முதல் பதினைந்து பக்கத்தைத் தனியாகக் கிழித்து எடுத்தால் அதை வைத்தே ஷிஃப்ட் இன்சார்ஜ் இரவில் வேலை பார்க்க வேண்டும். யாருக்கு முதல் அழைப்பு, கசிவு அறிக்கைப் படிவம், கடலோரக் காவல் படையின் 1554 எண், சென்னைக் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். அந்தப் பதினைந்து பக்கத்தைத் தமிழிலும் போடுங்கள். எங்கள் ஜெட்டியில் வால்வை மூடும் ஆட்களுக்கு ஆங்கிலப் பக்கம் எதற்கு?

8. பயிற்சியும் ஒத்திகையும்

பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் மூன்று நிலை: முதல் நிலை களத்தில் இறங்குபவர்களுக்கு, இரண்டாம் நிலை களத் தலைவருக்கு, மூன்றாம் நிலை மேலதிகாரிகளுக்கு. குறைந்தது ஷிஃப்டுக்கு இரண்டு பேராவது முதல் நிலை முடித்திருக்கட்டும். இடம் கிடைப்பது தாமதமாகும், விண்ணப்பத்தை முதல் மாதமே அனுப்புங்கள். பயிற்சி முடித்தவர் வேலையை விட்டுப் போவார் என்பதையும் கணக்கில் வைத்து ஒன்றிரண்டு பேரைக் கூடுதலாக அனுப்புங்கள். எங்களிடம் நான்கு பேரில் மூவர் ஒரே ஆண்டில் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள்.

ஒத்திகையில் எளியது அழைப்பு ஒத்திகை. ஞாயிறு இரவு பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் அழைத்துப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை. நான் முதல் தடவை அழைத்த இருபத்தாறு எண்களில் பதினொன்றுதான் எடுத்தன. ஒன்று, ஒரு கேட்டரிங்காரருடையது.

9. எல்லை தாண்டிய உதவி: உங்கள் வேலை எங்கே முடிகிறது

தெற்காசியக் கடலுக்கென்று கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சாசெப் என்ற தெற்காசிய நாடுகளின் கூட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பின் வட்டாரத் திட்டம் உண்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான் அதற்குள் வரும். இதற்கான ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை 2018இல் ஒப்புதல் தந்தது. நம் பக்கத்துத் தொடர்பு கடலோரக் காவல் படைதான். 2020இல் நியூ டயமண்ட், 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் ஆகிய கப்பல்கள் இலங்கைக் கடலில் எரிந்தபோது இங்கிருந்து கப்பல்கள் போனது அரசு வழியாக. நீங்கள் நேரடியாக எந்த நாட்டையும் கூப்பிட முடியாது. திட்டத்தில் அப்படி எழுதினால் சிவப்பு மை நிச்சயம்.

உங்கள் தாய் நிறுவனம் சவுதாம்ப்டனில் தளம் உள்ள, கசிவு நேர்ந்தால் உதவிக்கு வரும் பன்னாட்டு நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால் சிங்கப்பூர் கிடங்கிலிருந்து கருவி வரவழைக்கலாம். ஆனால் விமானம் இறங்கியபின் சுங்கத்தில் நிற்கும். எந்தத் தற்காலிக இறக்குமதி விலக்கு, எந்த முகவர், வரும் ஆட்களுக்கு விசா எப்படி என்பதைச் சுங்க முகவரிடம் இப்போதே கேட்டு ஒரு பக்கமாக எழுதி வையுங்கள்.

10. கணக்கு நோட்டு

கசிவு நடந்த முதல் மணியிலிருந்து ஒரு ஆள் எழுதுவதற்கு மட்டும். பூம் இழுக்க அவரைக் கூப்பிடாதீர்கள். படகு எண், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல், எங்கே என்ன வேலை, யார் சொல்லி. தேதியுடன் புகைப்படம். மீனவர்களிடமும் இதே நோட்டைக் கொடுங்கள்: கசிவுக்கு முந்தைய மாதங்களின் மீன் ஏலக்கூடத்தின் ரசீது இல்லாமல் இழப்பை நிரூபிப்பது கடினம். கப்பல் எண்ணெய் தொடர்பான பன்னாட்டு இழப்பீட்டு உடன்படிக்கைகளில் சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்கு தொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒப்பந்த வரைவுகளும் பயிற்சி விண்ணப்பமும் முதல் மாதம், கழிவு இட மனு இரண்டாம் மாதம், ஆய்வறிக்கை ஐந்தாம் மாதத்துக்குள், எழுத்து ஏழாம் மாதம் என்று வைத்தால் ஒன்பது பத்து மாதத்தில் ஒப்புதல் கைக்கு வரும் என்பது என் கணக்கு. டிசம்பரில் தொடங்காதீர்கள்: புயல் காலத்தில் கடலில் அளவீடும் நடக்காது, ஒத்திகையும் நடக்காது. ஜனவரி கடைசியில், பொங்கல் விடுப்பு முடிந்து எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பியதும், முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெட்டிக்கு நேரில் போங்கள். கையோடு உங்கள் பூம் முனையின் புகைப்படம் ஒன்றும் இருக்கட்டும்.